ராஜாத்தி நடந்த நடை

சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊரையே கேலி செய்துகொண்டு திரிந்தவன்தான் நானும். டிராம் கண்டக்டர் வேலை, மனிதர்களோடு மல்லுக்கு நிற்கவே நேரம் போதாது, பேய்க்கு எங்கே போவது?

என் தாத்தா கள்ளுக்கடைச் சண்டையில் ஒருவனை வெட்டிவிட்டார். அதே சண்டையில் அவருடைய வலது கையிலும் இரண்டு விரல் போயிற்று. அந்தமானுக்குக் கப்பலேற்றினார்கள், அப்போது என் அப்பா கைக்குழந்தை. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. இருக்கிறாரா போய்விட்டாரா என்று தெரியாததால் அப்பா ஓர் அமாவாசைக்குக்கூட எள்ளும் தண்ணீரும் இறைத்ததில்லை. உயிரோடு இருப்பவருக்கு இறைத்தால் பாவமாயிற்றே. நான் கண்டக்டராக இருந்த ஒரு வருஷம் மந்தைவெளி வீட்டில் அப்பா நெஞ்சுவலியோடு படுத்துவிட்டார்.

"நான் போறதுக்குள்ள அவருக்கு ஒரு வழி பண்ணணும்டா," என்றார்.

பண்ணியே தீருவது என்று கிளம்பினேன். ஜெயில் வாசல், கோர்ட்டு வாசல், துறைமுகம், எல்லா இடத்திலும் விரட்டினார்கள், மறுபடியும் போய் நின்றேன். கடைசியில், தண்டனை முடிந்து அந்தமானிலிருந்து திரும்பிய ஒரு கிழவர் சாந்தோம் குப்பத்தில் இருப்பதாகத் தெரிந்தது. மனைவிக்குக் காய்ச்சல் என்பதால் இரண்டு வயது மகள் ராஜாத்தியையும் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் போனேன். தாத்தாவின் பெயரைச் சொன்னேன்.

"அங்க எவன் நைனா பேர் சொல்லிக் கூப்ட்டான்? தெர்லபா," என்று சொல்லிவிட்டு வலை பின்னப் போய்விட்டார் கிழவர்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ராஜாத்தியை மணலில் இறக்கிவிட்டேன். நடக்க ஆரம்பித்த நாளிலிருந்தே அவளுக்கு ஒரு விசித்திர நடை, காலை அகட்டிக்கொண்டு, இடது கையால் இடுப்புப் பக்கம் எதையோ தூக்கிப் பிடித்தது போல நடப்பாள். டாக்டரிடம் காட்டினோம், எலும்பில் ஒன்றுமில்லை என்றுவிட்டார்.

கிழவர் வலையைக் கீழே போட்டுவிட்டார்.

"யாரு இதுக்கு இந்த நடைய சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்லையே, தாத்தா."

எழுந்து, தானே நடந்து காட்டினார். இரண்டு கணுக்காலிலிருந்தும் வரும் சங்கிலியைக் கையால் தூக்கிப் பிடிக்காவிட்டால் கால் அறுந்துபோகுமாம்.

"எல்லாரும் சோத்துக் கையாலதான் புடிப்பான். ஒருத்தன் மட்டும் பீச்சாங்கை. சோத்துக் கைல ரெண்டு வெரல் இல்ல அவனுக்கு. சங்கிலிய கழட்டின பின்னாலயும் சாவுற வரைக்கும் இப்டியேதான் நடந்துகினு இருந்தான். காய்ச்சல்ல பூட்டான். நாங்கதான் பொதைச்சோம்."

விரலைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை, சத்தியம்.

அடுத்த அமாவாசை காலையில் அப்பாவை ரிக்‌ஷாவில் ஏற்றி அதே கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். தாத்தா இறந்துவிட்டார் என்பதை மட்டும் சொன்னேன், சங்கிலி விஷயம் எதையும் அவரிடம் சொல்லவில்லை. எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு ஈர மணலிலேயே உட்கார்ந்து தேம்பினார். அப்போது ராஜாத்தி என் பிடியை உதறிவிட்டு, இரண்டு கையையும் வீசி நேராக நடந்து அவரிடம் போனாள். அம்மா, தண்ணி என்பதைத் தவிர வேறு பேச்சு வராத குழந்தை. அவருடைய நரைத்த தலையைத் தடவினாள்.

"எம்மாம் பெருசா வளந்துட்டடா," என்றாள்.

அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆமா நைனா," என்றார்.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், ராஜாத்திக்கு எதுவும் நினைவில்லை. குழந்தை பேசியதைக்கூட விட்டுவிடுங்கள். தன் அப்பன் குரலையே அறியாத மனிதர், ஒரு நொடிகூட யோசிக்காமல் எப்படி ஐயா பதில் சொன்னார்?