ஒன்பதாவது வெள்ளைக்காரியின் மூடிய கதவு

தெட்சா மலையடியில் காமேந்தா கிராமத்து எனலேசி, அபூர்வமான ஒரு துறையில் கரைகண்டவர். வெளிநாட்டிலிருந்து சேவை செய்ய வருகிறவர்களை வளர்த்து ஆளாக்குவதுதான் அந்தத் துறை. இருபத்தைந்து, முப்பது வயதில் வந்து சேரும் இந்தக் குழந்தைகளுக்கு ஒரு வாளித் தண்ணீரில் குளிக்கவும், மக்காச்சோளக் களியை விரல் வேகாமல் உருட்டவும், ஒரு சாதாரண நலம் விசாரிப்பை ஐந்து நிமிஷத்துக்கு நீட்டவும் அவர்தான் கற்றுக்கொடுத்தாக வேண்டும். இதுவரை எட்டுப் பேர். எட்டுப் பேரும் இரண்டு வருஷம் முழுசாக இருந்து, அழுதுகொண்டே விமானம் ஏறினார்கள். பக்கத்து வீட்டு மாலிட்டாவிடம் வந்த ஒரே ஒருவன் பதினோராம் நாள் ஓடிப்போனான். அதைப் பற்றி எனலேசி பெருந்தன்மையாக எதுவும் பேசுவதில்லை, வாரத்துக்கு இருமுறை தவிர.

ஒன்பதாவதாக வந்தவள் ஐனோ. பின்லாந்துக்காரி. சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் வேலை. சோம்பல் கிடையாது, எதைப் போட்டாலும் சாப்பிடுவாள். ஒரே ஒரு குறை. தனியாக இருக்க ஆசைப்பட்டாள்.

முந்தைய எட்டுப் பேருக்கும் இந்த நோய் லேசாக இருந்ததுதான். மருந்து எனலேசிக்குத் தெரியும்: துணை. ஐனோ ஆற்றுப்பக்கம் நடக்கப் போனால் ஏழெட்டுப் பேரைக் கூட அனுப்பினார். புத்தகத்தைத் திறந்தால் மாலிட்டா வந்து பக்கத்தில் உட்கார்ந்து அதே பக்கத்தைப் பார்த்தாள். ராத்திரிக்கு எனலேசியின் அக்காள் மகள்கள் இருவர் அவள் அறையிலேயே படுத்தார்கள். மருந்து கூடக்கூட நோயாளி இளைத்துக்கொண்டே போனாள். எனலேசி மருந்தின் அளவைக் கூட்டினார்.

மூன்றாவது வாரம், சனிக்கிழமை, பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது ஐனோ அந்த ஊர் மொழியான சிச்சேவாவில் அரைகுறையாகச் சொன்னாள்:

"நாளைக்கு என்னை அனுப்புன ஆபீஸ் வண்டி வருது. நான் போறேன்."

"எங்க?"

"வீட்டுக்கு."

"வீடு இதான்."

"எங்க வீட்டுக்கு, அம்மா."

எனலேசி அதற்கப்புறம் ஒரே பானையை வெகுநேரம் தேய்த்தார். இவள் போனால் எட்டுப் பேர் கணக்கு கெடும், மாலிட்டாவுக்கு வாய் நீளும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். முதல் வாரமே இந்தப் பெண் யாரும் சொல்லாமல் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டினாள். எட்டுப் பேரில் ஒருவருக்கும் அது தோன்றியதில்லை. அப்படிப்பட்டவள் போவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஞாயிறு காலை ஐனோ பையைக் கட்டினாள். வண்டி வரும்வரை கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாவம், அவளுக்குத் தெரியாது. காமேந்தாவில் பட்டப்பகலில் ஆள் உள்ளே இருக்கக் கதவு சாத்தியிருந்தால் இரண்டே காரணம்தான். ஒன்று பிரசவம், இல்லையென்றால் சாவு. பிரசவத்துக்கு வாய்ப்பில்லை என்பதை ஊரே மூன்று வாரமாகக் கூடவே நடந்து உறுதிசெய்திருந்தது.

முதலில் பார்த்தவள் மாலிட்டா. குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தாள்.

"அக்கா, யாரு தவறிட்டாங்க? அவ அப்பாவா?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல," என்றார் எனலேசி. அது முழு உண்மை.

"ஐயோ பாவம். அவ்ளோ தூரத்துல சாவு விழுந்தா பஸ் புடிச்சுக்கூடப் போக முடியாதே."

அடுத்த அரைமணியில் பெண்கள் வரத் தொடங்கினார்கள். தலையில் விறகு, தட்டில் மாவு. மாவு குவிவதைப் பார்த்ததும் எனலேசி வாயைத் திறந்து, திரும்ப மூடிக்கொண்டார். சாவு வீட்டுக்கு வந்த மாவு திரும்பிப் போகக் கூடாது. அங்கேயே கிண்டி, வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அந்த வீட்டு ஆள் பயணம் கிளம்பலாம். இந்த விதியை எனலேசி உண்டாக்கவில்லை. மீறும் துணிச்சலும் அவருக்கு அன்று இல்லாமல் போயிற்று.

ஐனோ கதவைத் திறந்தாள். முப்பது பெண்கள் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. எங்கே போகிறாய், என்ன சாப்பிட்டாய், ஏன் கல்யாணம் ஆகவில்லை, ஒன்றும் இல்லை. இப்படி ஊர் வாய் மூடியிருந்ததை மூன்று வாரத்தில் அவள் பார்த்ததே கிடையாது. மெல்ல அவர்கள் நடுவில் உட்கார்ந்தாள். யாரோ நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அரைமணி நேரம் அப்படியே போயிற்று. பிறகு அவள் அழுதாள், நன்றாகவே அழுதாள்.

"நான் சொல்லல? அப்பாதான்," என்றாள் மாலிட்டா எனலேசியின் காதோடு.

அழுது முடித்தவளின் கையில் எனலேசி நீளமான மரக்கரண்டியைக் கொடுத்தார். "முப்பது பேருக்குக் கிண்டணும். கட்டி தட்டாம."

கட்டி தட்டியது. ஐனோ இரண்டு கையாலும் கிண்டிக்கொண்டிருக்கும்போது ஆபீஸ் வண்டி வந்து நின்றது. டிரைவர் லாக்சன் கூட்டத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி, மாமரத்தடியில் ஆண்களோடு உட்கார்ந்துகொண்டார். அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான்.

"யாரும்மா செத்தது?"

"மொதல்ல சாப்பிடுங்கண்ணே," என்றார் எனலேசி.

சாப்பிட்டார். "ஒரே கட்டியா இருக்கே."

"துக்கத்துல கிண்டினது. அப்படித்தான் இருக்கும்."

இதற்குள் யாரும் சாகவில்லை என்பது ஐனோவின் வாயாலேயே வெளிவந்துவிட்டது. பெண்கள் அதை நம்பவில்லை. அடக்கமான பெண் என்று மெச்சிக்கொண்டார்கள். எனலேசி மட்டும் அவள் பக்கத்தில் குந்தினார்.

"கதவு சாத்துனா சாவுன்னு உனக்கு யாரும் சொல்லல. அது என் தப்பு. உங்க ஊர்ல சாத்துனா என்ன அர்த்தம்?"

"படிக்கிறேன்னு அர்த்தம். இல்ல, சும்மா இருக்கேன்னு."

"சும்மாவா?" எனலேசி திறந்திருந்த கதவைத் திரும்பிப் பார்த்தார். "எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி நேரம். தெனமும்."

"சரி. துக்கம் எத்தன நாளுன்னு தெரியுமா? மூணு நாள். லாக்சனண்ணன் புதன்கிழமை வரட்டும்."

ஐனோ பையைப் பார்த்தாள். கரண்டியில் ஒட்டியிருந்த களியைப் பார்த்தாள். "புதன்கிழமை," என்றாள்.

புதன்கிழமை லாக்சன் வந்தபோது கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாளில் எனலேசியின் நீலப் பூப்போட்ட இடுப்புத் துணி ஒன்று தொங்கியது. பத்தடி தள்ளி மாலிட்டா காவலுக்கு உட்கார்ந்து, வருகிற போகிற ஆட்களை விரல் ஆட்டி மிரட்டித் திருப்பிக்கொண்டிருந்தாள். லாக்சன் தொப்பியைக் கழற்றினார்.

"தொப்பிய மாட்டிக்குங்கண்ணே, துணி தொங்குனா யாரும் சாகலன்னு அர்த்தம்," என்றார் எனலேசி. "அவ சும்மா இருக்கா. இன்னும் அரைமணி பாக்கி இருக்கு. அப்புறம் களி கிண்டுவா, இருந்து சாப்பிட்டுட்டு நீங்க மட்டும் கெளம்புங்க."