அப்பாவுக்கு ஷிப்டு போட்டவர்கள்

டொரண்டோவில் நான் வேலை செய்யும் நர்சிங் ஹோமில் முதியவர்களைக் குளிப்பாட்டும்போதே உடம்பையும் கவனித்துக்கொள்ள வேண்டும். எங்காவது கன்றிப் போயிருந்தால் அன்றைக்கே அரசாங்க அதிகாரிகளுக்கு ஃபோனில் புகார் சொல்லியாக வேண்டும். சந்தேகமே போதும். கூட வேலை செய்பவர் மேல் என்றாலும் விடக்கூடாது. சேர்ந்த புதிதில் எனக்கு இது கோள் சொல்வதாகப் பட்டது. ஆவடியில் நாங்கள் இருந்த ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இதற்கெல்லாம் ஃபோன் தேவைப்பட்டதில்லை. எண்பதுகளில் அங்கே ஒரு வீட்டில் பிள்ளையை ஓங்கி அடித்தால் மூன்று வீட்டுக் கதவு திறக்கும். எதிர்வீட்டு மதுரைக்காரம்மா கரண்டியும் கையுமாக வந்து நிற்பார். அந்தத் தொல்லைக்கு இப்போது எவ்வளவு ஏங்குகிறேன்!

அம்மா போனபிறகு, ரிட்டையரான அப்பா காட்டுப்பாக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தார். தொண்ணூறுகளின் கடைசியில் லீவில் போனபோது அவருக்குச் சட்டை மாற்றிவிட்டேன். மேல்கையில் விரல்கள் பதிந்த கறுப்பு. என் வேலையில் இருப்பவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டாம்.

“கட்டில்ல இடிச்சுக்கிட்டேன்” என்றார். நான் விருட்டென்று எழுந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். “கேட்டுட்டு நீ பிளேன் ஏறிடுவ. ராத்திரி ஒண்ணுக்கு வந்தா அந்த அட்டெண்டர்தாம்மா என்னைத் தூக்கணும்.”

கேட்கத்தான் செய்தேன். “வயசானா தோல் அப்படித்தான் மேடம். பிடிக்கலன்னா கூட்டிட்டுப் போங்க” என்றார் மேனேஜர். எங்கே கூட்டிப்போவது? குவார்ட்டர்ஸைக் காலி செய்தாயிற்று, அப்பாவுக்கு விசா கிடைக்கவில்லை. யாரிடம் புகார் செய்வதென்றும் தெரியவில்லை.

ஃபேக்டரியில் அப்பாவோடு வெல்டிங்கில் இருந்த காசி மாமாவைத் தேடி, ஆவடி பக்கத்துக் கோவில்பதாகைக்குப் போனேன். கேட்டதும் லுங்கியை மடித்துக் கட்டினார்.

“உங்க நைனாவ அட்சானா? நீ கம்முனு ஊருக்குப் போம்மா. நாங்க ஷிப்டு போட்டுகினு வந்து குந்திக்கிறோம். ஆளு கீதுன்னு தெர்ஞ்சா எவன் கை வைப்பான்?”

அப்படியே செய்தார்கள். காலையில் ஒருவர், சாயங்காலம் ஒருவர் என்று பழைய வெல்டர்கள் பூந்தமல்லியில் பஸ் மாறி வந்து, அப்பாவின் கட்டிலோரம் பேப்பர் படித்தார்கள். மேனேஜருக்கே சங்கடமாகி அந்த ஆளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். ஆனாலும் அவர்கள் வருவதை நிறுத்தவில்லை.

டொரண்டோ திரும்பி சூப்பர்வைசரிடம் இதைச் சொன்னேன்.

“நல்லது. அவர்கள் அதிகாரிகளா?”

“இல்லை, வெல்டர்கள்.”

“ஓ, உறவினர்களா?”

அதுவும் இல்லை என்றேன். பாவம், அவருக்குப் பிடிபடவேயில்லை.

அடுத்த வருஷம் எங்கள் ஹோமில் எலினார் என்கிற அம்மையாரின் கையில் அதே மாதிரிக் கறுப்பைப் பார்த்துப் புகார் சொன்னேன். அதிகாரிகள் வந்தார்கள், அவர் கையை முறுக்கிப் பிடித்தவளுக்கு வேலை போயிற்று. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் யார் உள்ளே வந்தாலும் அவர் நடுங்குவது நிற்கவில்லை. அவரைப் பார்க்கவும் யாரும் வருவதில்லை. ஒரு ஞாயிறு காலை நைட் டூட்டி முடிந்ததும் யூனிஃபார்மை மாற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“நீ வீட்டுக்குப் போக வேண்டாமா?” என்று கேட்டார்.

“போகணும்” என்றேன். எழுந்திருக்க மனம் வரவில்லை. காட்டுப்பாக்கத்தில் அப்போது சாயங்காலம். நான் உட்கார வேண்டிய நாற்காலியில் காசி மாமா உட்கார்ந்திருப்பார்.