கடைசியாக எடுத்த படம்

கல்முனைக்குடியில் கல்யாண வயதுக் குமர்ப்பிள்ளை இருக்கிற வீடெல்லாம் நிப்லாவை அறியும். என் புருஷனின் தங்கச்சி என்பதற்காகப் பெருமை பேசவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். கல்யாண வீடுகளில் அவள் பெண்களை மட்டுமே படமெடுப்பவள். மணப்பெண் அறைக்குள் நுழைந்ததும் எல்லோருடைய போனையும் ஒரு கூடையில் வாங்கிப் போட்டுவிட்டுத்தான் கெமராவை வெளியில் எடுப்பாள். மாப்பிள்ளையின் உம்மாவானாலும் விடமாட்டாள். "என்ட கெமராவில இருந்து ஒரு புள்ளட தலமயிர் வெளிய போகாது" என்பாள். அந்தப் பேச்சை நம்பித்தான் மௌலவி வீட்டுப் பெண்களும் அவள் முன்னால் முக்காட்டை இறக்கினார்கள். புருஷன் விட்டுப் போன பிறகு அவளுக்கும் அவள் மகளுக்கும் சோறு போட்டது அந்தப் பேச்சுத்தான்.

இப்படிப்பட்டவளிடம் போய் ஸைனம்பு மாமி இணையத்தில் நேரடியாகக் காட்டும் லைவ் கேட்டார். மகள் றினோஸாவுக்குக் காவின், நிக்காஹ். மூத்த மகன் றிம்சான் கட்டாரில். லீவு கிடைக்கவில்லை. அந்தக் கல்யாணமே அவன் வெயிலில் நின்று உழைத்தது.

"தங்கச்சிட காவின என்ட மகன் கண்ணால பாக்காட்டி எனக்குச் சோறு இறங்காது கிளி" என்று மாமி நிப்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் ஓம் என்று சொல்லிவிட்டாள். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

பசாரில் போய் ஒரு குச்சி வாங்கி வந்தாள். பென் டிரைவ் அளவுதான். ஒரு பக்கம் கெமராவின் வயர், மறுபக்கம் லெப்டொப். கெமரா பார்ப்பதை லெப்டொப்பும் பார்க்குமாம். பார்த்தால்தானே! நிப்லாவின் கெமரா கிழட்டுச் சாமான். குச்சியை விற்றவர்கள் எந்தெந்தக் கெமராவுக்கு இது பொருந்தும் என்று எழுதியிருந்ததில் அதன் பெயரே இல்லை. மாட்டினால் கறுப்புத் திரை. ஒருவழியாகப் படம் வந்தபோது, கெமராவின் சின்னத் திரையில் தெரிகிற கோடும் இலக்கமும் பற்றரி அடையாளமும் சேர்ந்து வந்தன. ஆட்களின் முகத்தைச் சுற்றி மஞ்சள் சதுரம் வேறு. "இதென்னகா, கள்ளன் புடிக்கப் போற மாதிரி இரிக்கி" என்று நான் சிரித்தேன்.

அவள் விடவில்லை. இந்தச் சாதிக் கெமராவுக்கென்று எந்த நாட்டுக்காரனோ எழுதி வைத்த ஒரு புரோகிராமை இணையத்தில் தேடிப் பிடித்தாள். அதை மெமரி காட்டில் போட்டுக் கெமராவுக்குள் வைத்தால் கோடும் சதுரமும் மறைந்துவிடும். ஆனால் அவளிடமிருந்த ஒரேயொரு பழைய காட்டில்தான் அது வேலை செய்தது. காட்டைக் கழற்றினால் எல்லாம் போய்விடும். குச்சிக்கும் ஒரு பிடிவாதம்: வயரை மாட்டிவிட்டுக் கெமராவைப் போட்டால்தான் அதை அடையாளம் காணும். கெமராவோ கண் விழித்ததும் முதலில் தன்னிடமுள்ள கடைசிப் படத்தைக் காட்டிவிட்டுத்தான் வேலைக்கு வரும். அன்று அவள் கடைசியாக எடுத்திருந்த எங்கள் அடுப்படிப் பூனை லெப்டொப் திரை நிறைய வந்து நின்றது. நான் சிரித்தேன். நிப்லா சிரிக்கவில்லை.

"மதினி, இந்தப் பூன இருக்கிற இடத்தில ஒரு பொம்புளப் புள்ள இருந்தா?"

என் சிரிப்பு நின்றுவிட்டது.

திட்டம் போட்டுக்கொண்டோம். காவினுக்கு முன் வெறும் சுவரை ஒரு படம் எடுத்து வைப்பது. எப்போதாவது கெமரா அணைந்தால், முதலில் லெப்டொப்பில் லைவை நிறுத்துவது, பிறகுதான் கெமராவைப் போடுவது.

காவின் நாள் பகல் றினோஸாவை அலங்கரிக்கும்போது எடுத்த படங்களில் காட் நிரம்பிவிட்டது. சுவருக்கு இடமில்லை. ஒரு படத்தை அழி என்றேன். வேறிடத்தில் பிரதி வைக்காமல் மணப்பெண்ணின் படத்தை அழிக்கவே மாட்டாள் அவள். முன்பு ஒரு பிள்ளையின் படங்கள் அழிந்துபோய், அந்தப் பிள்ளை அழுத அழுகையை மறக்காதவள். லெப்டொப்புக்குப் பிரதி எடுக்க உட்கார்ந்தாள். அதற்குள் வெளியில் சத்தம். அஸர் தொழுகைக்குப் பிறகு வருவதாகச் சொன்ன மாப்பிள்ளை வீட்டார் முன்னதாகவே வந்து இறங்கிவிட்டார்கள்.

பந்தலில் ஆண்கள். வீட்டுக்குள் நாங்கள். நடுவில் ஒரு திரைச்சீலை. அதன் இடைவெளியில் கெமராவின் மூக்கை மட்டும் வெளியே நீட்டி வைத்தாள். கெமராவை முதலில் எழுப்பிவிட்டுப் பிறகுதான் றிம்சானுக்கு மட்டும் லைவைத் தொடங்கினாள். எல்லாம் சரியாகவே போனது. கூடைக்குள் போகாத ஒரே போன் மாமியுடையது; அதன் ஸ்பீக்கரில் றிம்சான், "உம்மா, வாப்பாவ நல்லாத் தெரியிது" என்றான். மாமியின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

மௌலவி குத்பா பிரசங்கத்தைத் தொடங்கினார், முடிக்கிற பாடாக இல்லை. தகரப் பந்தலின் சூடு முகத்தில் அடித்தது. நான் கெமராவைத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது. "நிப்லா, இது சுடுதுகா" என்றேன். அவள் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது.

றினோஸாவின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்த நேரம் கெமரா தானாக அணைந்தது.

மாமியின் போன் உடனே அலறியது. "உம்மா, படம் வருகுதில்ல! கெதியாச் சொல்லுங்க!"

"என்னகா பாத்துக்கு நிக்கிற? போடுகா!" என்று மாமி பதறினார்.

"தொடாதீங்க மாமி. ஒரு நிமிசம். அல்லாஹ்வுக்காகத் தொடாதீங்க."

ஏன் தொடக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? உங்கள் மகளின் படம் உள்ளே இருக்கிறது என்றா? லைவை நிறுத்த லெப்டொப்பின் பக்கம் குனிந்தாள். மாமிக்குப் பொறுமை எங்கே! எட்டி, தன் விரலாலேயே சுவிட்சைத் தள்ளிவிட்டார்.

திரை நிறைய றினோஸா. முடியை முழுதாக அவிழ்த்து விட்டிருந்தாள். தாவணி தோளில் இல்லை. நிப்லா சொன்ன ஏதோ பகிடிக்கு வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நிப்லா வயரைப் பிடுங்கி எறிந்தாள். அல்லாஹ்வே, வயர் போயும் படம் போகவில்லை. கடைசியாகக் கண்டதை லெப்டொப் அப்படியே பிடித்து வைத்துக்கொண்டது. அவள் விசைகளை அமத்துகிறாள், அமத்துகிறாள், அது சிரித்துக்கொண்டே நிற்கிறது. கடைசியில் லெப்டொப்பை அறைந்து மூடினாள். திரைச்சீலைக்கு அப்பால் மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டதாகக் கபில்து சொல்லி முடித்திருந்தார்.

மாமி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கையில் போன் இன்னும் திறந்தபடி இருந்தது.

"றிம்சான்... மகன்..."

 "நிப்லா ராத்தாட்டச் சொல்லுங்க உம்மா, பயப்பட வேணாமெண்டு. நான் மட்டுந்தான் பாத்த. ரூமில வேற ஒருத்தரும் இல்ல" என்றான். 

நிப்லா கண்ணை மூடி, "அல்ஹம்து..." என்று தொடங்கினாள்.

போனில், றிம்சானுக்குப் பின்னாலிருந்து, வேறொரு ஆம்பிளையின் குரல் யாரிடமோ கேட்டது. "டேய் மச்சான், ஊர் குரூப்புக்குப் போட்டியே, அந்தப் படத்த எனக்கும் அனுப்புடா."

 மாமி தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள் அறையிலிருந்து றினோஸா கூப்பிட்டாள். பூவும் நகையுமாய் உட்கார்ந்திருந்த பிள்ளை, ஒன்றும் அறியாதவள். "நிப்லா ராத்தா, றிம்சான் காக்கா என்ன சொல்றாரு? என்னப் பாத்தாராமா?"

 நிப்லாவின் காலடியில் இருந்த கூடைக்குள், பெண்களிடமிருந்து வாங்கிப் போட்ட போன்களில் ஒன்று வெளிச்சம் போட்டு அதிர்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம்.