கைப்பிடி லேயரை ஆன் பண்ணச் சொன்னார்கள்

சலீம் பாய் போய்விட்டார். நேற்று மதியம்... ஊருக்கு வெளியே ஒரு அரிசி ஆலையில், நெல் ஊறவைக்கும் தொட்டியின் மேடையிலிருந்து விழுந்து.

அளவெடுக்கப் போனவர். காலையில் எங்கள் டிராஃப்டிங் ஆபீஸில் என் பக்கத்து சிஸ்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

டீக்கடையில் விஷயத்தைச் சொன்னால் முதல் கேள்வி, "தண்ணி கிண்ணி போட்டிருந்தாராம்மா?" அந்தக் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, நம்ம ஊரில் யார் செத்தாலும் இதுதான் கேட்கிறார்கள். அடப்பாவிகளா... அஞ்சு வேளை தொழுகிற மனுஷன்யா அவர்!

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஐசோமெட்ரிக் வியூ போட்டேன். சாய்வாகப் பார்க்கிற படம், அதில் தொட்டியின் வாயை நீள்வட்டமாகத்தான் போடவேண்டும். நான் சாதாரண வட்டத்தைப் போட்டுவிட்டேன்.

பாய் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, தொட்டி மேல அப்பளத்த நட்டு வெச்சிக்கீற?"

ஆபீஸே சிரித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் ஒரு வாரம் என் பெயரே அப்பளம்தான்.

கல்வராயன் மலைக்கு டேங்க் வேலையாகப் போனால், வரும்போது பலாப்பழத்தோடுதான் வருவார். கீபோர்டெல்லாம் பிசுபிசு...

அவருக்கு ஒரு பழக்கம். எந்த ஐசோமெட்ரிக் போட்டாலும், வேலையாள் நிற்கிற இடத்தில் குட்டியாக ஒரு ஆளை வரைந்துவிடுவார். "ஆள் நிக்கிற எடம்னு தெரிஞ்சாதாம்மா கைப்பிடி வைப்பானுங்க" என்பார்.

இந்த ஆலையின் மேடையை வரைந்ததும் அவர்தான். சுற்றிலும் கைப்பிடிக் கம்பியோடு வரைந்தார். கம்பிகள் மட்டும் தனி லேயர்; படத்தின்மேல் வைத்த கண்ணாடித்தாள் மாதிரி, வேண்டாமென்றால் அதை மட்டும் மறைத்துவிடலாம்.

ஆலைக்காரருக்குச் செலவு ஜாஸ்தியாம். எங்கள் ஓனர் வந்தார். "அந்தக் கைப்பிடி லேயர ஆஃப் பண்ணு பாய். பார்ட்டியே கேக்கல, உனக்கு இன்னா?"

"மேல ஏறுறவன் வூட்டுக்குத் திரும்பி வரணும்ங்க சார்."

ஓனர் மவுஸை வாங்கி, தானே ஆஃப் செய்தார். படத்திலிருந்து கம்பிகள் மறைந்தன. அந்தப் பிரிண்ட்தான் வெல்டிங்காரர்களுக்குப் போனது. பார்த்தபடியே கட்டினார்கள்.

அந்த மேடையில்தான் நேற்று பாய் டேப்பை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்திருக்கிறார்.

பாயின் மய்யித்தைக் கடைசியாகப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் முதல் ஆளாக ஓனர். வருகிறவர்களிடமெல்லாம், "பாய் கொஞ்சம் பாத்து நின்னிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று காலையில் ஓனரிடமிருந்து எனக்கு ஃபோன். "அந்தக் கைப்பிடி லேயர ஆன் பண்ணி ஒரு பிரிண்ட் எடுத்து வையிம்மா. போலீஸ் வந்தா, டிராயிங்ல இருந்திச்சி, கட்னவன்தான் உட்டுட்டான்னு சொல்லிக்கலாம்."

பாய் வரைந்த கம்பி, பாய் செத்த பிறகு இவருக்குத் தேவைப்படுகிறது!

"முடியாதுங்க சார்" என்று வைத்துவிட்டேன். வேலை போகும். போய்த் தொலையட்டும்.

ஓனர் ஆஃப் பண்ணினது ஆஃப்லயே இருக்கு பாய். நான் தொடல.

போய்ட்டு வாங்க...