ஞாயிற்றுக்கிழமையில் நின்ற காலண்டர்

‘புதன், காலை 8.40. ரெட்டிபாளையம். அக்கா வீட்டு தினசரி காலண்டர் ஞாயிறு காட்டுகிறது.’

சமீபத்தில் என் டயரியில் நான் எழுதிய வரி இது.

யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் காலண்டரைப் பார்ப்பது என் பழக்கம். பழைய தேதி தொங்கினால் கை பரபரக்கும். எழுந்துபோய்க் கிழித்துவிடுவேன். ‘வந்த இடத்துல சும்மா இருக்க மாட்டீங்களா?’ என்று மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. திருந்தவில்லை.

அக்கா வீட்டுக் காலண்டரில் மட்டும் கை வைக்க மாட்டேன். அது நாள் பார்க்கிற காலண்டர் அல்ல... மாத்திரை பார்க்கிற காலண்டர்!

அக்காவின் கணவரை மாமா என்று கூப்பிடுவேன். சிமென்ட் ஃபேக்டரிக்கு சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். இதயத்தில் செயற்கை வால்வு வைத்திருக்கிறார்கள். அதில் ரத்தம் உறைந்து கட்டிவிடாமல் இருக்க, தினமும் ராத்திரி ஒரு மாத்திரை. ஆயுசுக்கும். அதை விழுங்கிய பிறகுதான் அன்றைய தாளைக் கிழிப்பார். ‘போட்டேனா, போடலையா’ என்ற குழப்பமே கிடையாது. அவரே கண்டுபிடித்த முறை.

அப்படியானால், புதன்கிழமை காலையில் ஞாயிறு தொங்கினால் என்ன அர்த்தம்?

ஞாயிறு, திங்கள், செவ்வாய் — மூன்று ராத்திரி மாத்திரை போடவில்லை.

நான் குரும்பலூரிலிருந்து விடிகாலையில் கிளம்பி வந்தது, அவரை அரியலூருக்குக் கூட்டிப்போக. கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டும். போன வெள்ளிக்கிழமை பல்லைப் பார்த்தவர்கள், இன்று பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

“மாமா... மாத்திரை?”

“நிறுத்திட்டேன் மாப்ள.” சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே, சாதனை மாதிரிச் சொன்னார். “பல்லு புடுங்குனா ரத்தம் நிக்காதாம்ல? மூணு நாளைக்கு முன்னாடியே நிறுத்திடணுமாம். டீக்கடையில சொன்னாங்க.”

“ஹார்ட் டாக்டர்ட்ட கேட்டீங்களா?”

“கேட்டா திருச்சிக்கு வான்னுவாரு. ஒத்தப் பல்லுக்குத் திருச்சியா?”

“பல் டாக்டர்ட்டயாவது சொன்னீங்களா?”

“ஃபார்ம்ல கேட்டிருந்துச்சு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்புடுறீங்களான்னு. இல்லைன்னு போட்டேன்.”

“எழுதுனது போன வெள்ளிக்கிழமை. அன்னைக்கு சாப்பிட்டுக்கிட்டுதான இருந்தீங்க?”

“புடுங்குறது புதன்கிழமைதான? அதுக்குள்ள உண்மையாயிடும்ல!”

எழுதிய பொய்யை உண்மையாக்குவதற்காக மருந்தை நிறுத்திய மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

அக்கா, மகள் வீட்டில் நான்கு நாள் இருந்துவிட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தாள். கையில் கரண்டியோடு வந்துவிட்டாள். “பாருடா தம்பி! நான் நாலு நாளு இந்த வூட்டுல இல்லைன்னா என்ன வேலை பாத்திருக்காருன்னு! ஏங்க, மறைக்கிறதுதான் மறைச்சீங்க, தாளையாவது கிழிச்சிருக்கலாம்ல?”

“மாத்திரை போடாம எப்படிடீ கிழிக்கிறது?” என்றார் மாமா, நிஜமான அதிர்ச்சியோடு. “அது தப்பில்ல?”

டாக்டரிடம் பொய் சொல்லலாம்... காலண்டரிடம் சொல்லக்கூடாது!

பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். விஷயத்தைச் சொன்னதும் கையுறையைக் கழற்றிவிட்டார்.

“இன்னைக்கு பல்லைத் தொட மாட்டேங்க. நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா, இந்த மாத்திரையை நிறுத்தவே விட்டிருக்க மாட்டேன்.”

“அப்ப ரத்தம் நிக்காதேம்மா?” என்றார் மாமா.

“வாயில வந்தா கண்ணுக்குத் தெரியும். பஞ்சு வச்சு அழுத்தலாம், தையல் போடலாம். வால்வுல கட்டிக்கிட்டு மூளைக்குப் போச்சுன்னா... அங்க நான் எங்கங்க பஞ்சு வைக்கிறது?”



பல் டாக்டரே அங்கிருந்து திருச்சி ஹார்ட் டாக்டருக்குப் போன் போட்டார். உடனே ரத்தப் பரிசோதனை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிற ஐ.என்.ஆர். மாமாவுக்கு இரண்டரையிலிருந்து மூன்றரைக்குள் இருக்க வேண்டும். இருந்தது ஒன்றரை; ரத்தம் சீக்கிரம் உறைகிறது என்று அர்த்தம். ‘இப்பவே கிளம்பி வாங்க’ என்றார் ஹார்ட் டாக்டர்.

ஒத்தப் பல்லுக்குத் திருச்சிதான்! கீழப்பழுவூர் தாண்டும்வரை, கூடவே வந்திருந்த அக்கா வாயை மூடவில்லை. பல்வலிக்காரர் திறக்கவில்லை. அப்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பி மாமாவின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்... இதை டயரியில் எழுதவில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

ஸ்கேன் பார்த்தார்கள். வால்வில் ஒன்றும் கட்டவில்லை. அன்று ராத்திரியே மாத்திரை ஆரம்பம். ஐ.என்.ஆர். ஏறும்வரை, ரத்தம் கட்டாமல் இருக்க சில நாள் வயிற்றில் ஊசி.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அதே நாற்காலி. (‘காலையில செஞ்சா, ரத்தம் கசிஞ்சாலும் சாயந்திரம் நான் இங்கதான் இருப்பேன்’ — டாக்டர்.) முதல் நாள் பரிசோதனையில் ஐ.என்.ஆர். 2.8. முதல் நாள் ராத்திரி மாத்திரையும் போட்டாகிவிட்டது. வால்வுக்காரர்களுக்குக் கிருமி தொற்றாமல் இருக்க, ஒரு மணி நேரம் முன்னால் ஒரு மருந்து. பல் வந்தது. இரண்டு தையல். அரை மணி நேரம் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தார் மாமா. மதியத்துக்குள் கசிவு நின்றுவிட்டது. ‘வலிக்குதுன்னு மெடிக்கல்ல கேட்டு எதையாவது போட்டுடாதீங்க. சில மாத்திரைக்கும் உங்க மாத்திரைக்கும் ஆகாது’ என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார் டாக்டர்.

அன்று ராத்திரி நான் அங்கேயே தங்கினேன். மாத்திரை உள்ளே போனது. தாள் கிழிந்தது. இரண்டையும் கண்ணால் பார்த்தேன்.

இதைப் படித்துவிட்டு ‘பல் பிடுங்க மாத்திரையை நிறுத்தக்கூடாதாம்’ என்று நீங்கள் இன்னொரு டீக்கடையை ஆரம்பித்துவிடாதீர்கள். மாத்திரைக்கு மாத்திரை, ஆளுக்கு ஆள், கணக்கு வேறு. சிலவற்றை ஒரு வேளை தள்ளிப் போடச் சொல்வதும் உண்டாம். அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். மாத்திரை எழுதித் தந்தவரும் பல் பார்ப்பவரும் போனில் இரண்டு நிமிஷம் பேசினால் போதும். அவர்களைப் பேச வைக்க, நாம் வாயைத் திறக்க வேண்டும்... பல்லைக் காட்ட மட்டும் அல்ல.

பின்குறிப்பாக ஒன்று. ‘மூணு நாள்’ எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். டீக்கடையில் சொன்னவருக்கு, செந்துறையில் இருக்கும் அவர் சகலை சொன்னாராம். பஸ் ஏறி செந்துறைக்கே போனேன். ஆமாம், அவருக்கு டாக்டர் அப்படித்தான் சொன்னாராம். பல்லுக்கு அல்ல, குடலிறக்க ஆபரேஷனுக்கு.

“மாத்திரை பேரு என்னங்க?”

“வெள்ளையா, சின்னதா இருக்கும் சார்.”

மருந்துச் சீட்டு மகன் வீட்டில் இருக்கிறதாம். ஆக, அந்த ‘மூணு நாள்’ எந்த மாத்திரைக்குச் சொன்னது என்பது, இந்தப் பத்தி எழுதும் நேரம் வரை சரிபார்க்கப்படவில்லை.