நாவூறுக்கு வைத்த பூசணி

டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில் நாங்கள் வீடு வாங்கிக் குடிபுகுந்தது ஒக்டோபர் கடைசி நாளில். கண்ணூறு நாவூறு படக்கூடாதென்று மனைவி ஒரு பூசணிக்காயில் மீசை முகம் கீறி வாசலில் வைத்தாள். அன்று பின்னேரமே பேய் வேடமிட்ட டெனிஷ் பிள்ளைகள் கதவைத் தட்டினார்கள். எங்களைப் பகிடி பண்ணுகிறார்கள் என்று நினைத்துக் கத்தித் துரத்தினேன். சூனியக்காரித் தொப்பி போட்ட ஒரு சிறுமி அழுதுவிட்டாள்.

பக்கத்து வீட்டுப் பெண் வந்து விளக்கினாள். ஹலோவீன் அன்று வாசலில் பூசணி இருந்தால், இனிப்புக் கேட்டு வரலாம் என்று அர்த்தமாம்.

“இஞ்சாருங்கோ, நாங்களே கூப்பிட்டுப்போட்டுக் கலைச்சிருக்கிறம். ஓடுங்கோ!” என்றாள் மனைவி.

முறுக்கு டின்னோடு தெருவில் ஓடினேன். அந்தச் சிறுமி கண்ணைத் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கினாள்.

இப்போது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகள் குறைவு. யாராவது வந்து தட்டட்டும் என்றே ஒவ்வொரு வருடமும் பூசணி வைக்கிறேன்.