இடப்பக்கமே திரும்பும் மீன்

எங்கள் வீட்டு ஹாலில், ஈசானிய மூலையில், பூஜை அலமாரி இருக்கிறது. அதற்குக் கீழே சுவரோடு சேர்த்து ஒரு சிமெண்ட் மேடை இருக்கிறது. நானே கூட நின்று கட்டவைத்தது. முன்பெல்லாம் மேலே முருகன் படம், கீழே மேடையில் மீன் தொட்டி. காலையில் குளித்துவிட்டு விளக்கேற்றினால், மேலே ஒரு சுடர், கீழே தண்ணீருக்குள் ஒரு சுடர். அதைப் பார்த்துவிட்டுத்தான் பல வருடம் வேலைக்குக் கிளம்பியிருக்கிறேன்.

தாம்பரத்தில் இந்த வீட்டைக் கட்டி முடித்தபோது வாஸ்து பார்க்க வந்தவர், வடகிழக்கில் தண்ணீர் இருக்கட்டும், அதில் ஒரு உயிர் ஓடட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மறைமலை நகரில் கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவன். படிப்பு பத்தாவதும் ஐ.டி.ஐ.யும்தான். ஆனால் அளவெடுப்பது கைப்பழக்கம். டேப்பை எடுத்து மூலையை அளந்தேன். ஜன்னல் ஓரம் வரைக்கும் மூன்றடி நீளம். அலமாரியை விட்டு வெளியே துருத்தாமல் ஒன்றேகால் அடி அகலம். தொட்டி கனகச்சிதமாக வந்து உட்கார்ந்தது. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

சுவரை அளந்தேன், மீனை அளக்கவில்லை. அளப்பதற்கு அப்போது என்ன இருந்தது? மீன் கடையில் பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தபோது, அரோவானா என்ற அந்த வாஸ்து மீன் என் நடுவிரல் நீளம்கூட இல்லை.

"இது பெருசா வளருமாப்பா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"தொட்டிக்குத் தக்கதான் சார் வளரும். சின்னத் தொட்டின்னா சின்னதாவே நின்னுடும்."

நம்பிவிட்டேன். நம்பத்தான் எனக்கும் வசதியாக இருந்தது.

மீன் வளர்ந்தது. வெள்ளித் தகடு போல மின்னிக்கொண்டு வளர்ந்தது. அதற்கு இறால் போட வேண்டும். என் மனைவி செவ்வாய், வெள்ளி, சஷ்டி நாட்களில் இறால் டப்பாவை ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுக்கவே விடமாட்டாள். "முருகன் காலடியில இருக்கிற மீனு. அதுவும் விரதம் இருக்கட்டும்" என்பாள். அந்த நாட்களில் அதற்குக் கடையில் விற்கும் உருண்டைத் தீனிதான். மீன் வாயில் வாங்கி, உமிழ்ந்து, எங்களை முறைக்கும். என் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மீன் வந்த அடுத்த தை மாதம், இழுத்துக்கொண்டே போன மகளின் கல்யாணம் நல்ல இடத்தில் அமைந்தது. "அது வந்த நேரம்" என்றாள் மனைவி. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அது வெறும் மீன் இல்லை.

மகள் ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்து பெருங்களத்தூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த அன்று சாயங்காலம் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது திரும்புறப்ப மூக்கு ஒரு கண்ணாடியில இடிக்குது, வாலு இன்னொரு கண்ணாடியில இடிக்குதுப்பா."

"இடிக்கலம்மா, உரசுது."

"நல்லாப் பாருங்க. இடப்பக்கமாவே சுத்துது. வலப்பக்கம் திரும்பவே இல்ல."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இரண்டு வீச்சில் போய்விடுகிறது. பிறகு உடம்பை வில் மாதிரி இடது பக்கம் வளைத்து, கண்ணாடியை உரசி, திரும்பி வருகிறது. தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவன் நான். கும்பிடும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன்.

மகள் போனில் தேடி எனக்கு வாசித்துக் காட்டினாள். மீன் முழுசாக வளர்ந்தால் எவ்வளவு நீளமோ, தொட்டியின் அகலமாவது அவ்வளவு இருக்க வேண்டுமாம். நீளம் அதைப்போல இரண்டு மூன்று மடங்காம். எங்கள் மீன் அப்போதே ஒன்றே முக்கால் அடியைத் தாண்டியிருந்தது.

மறுநாளே ஆறடி நீளம், இரண்டரை அடி அகலத்துக்குக் கண்ணாடித் தொட்டி சொல்லிவிட்டு வந்தேன். இரும்பு ஸ்டாண்டும் சொன்னேன். அது உட்கார வேண்டுமானால் சிமெண்ட் மேடையை இடித்து, பூஜை அலமாரியைச் சுவரில் மேலே ஏற்ற வேண்டும். மேஸ்திரி சுத்தியலோடு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்துபோன என் மகளைப் பார்த்துவிட்டார்.

"சார், புள்ளத்தாச்சி கீறாங்களா வூட்ல?"

"ஆமாம்பா. சின்ன வேலைதானே."

"சின்னதோ பெருசோ, நான் கை வெக்க மாட்டேன் சார். பிரசவம் ஆவட்டும். ஒரு போன் போடுங்க, ஓடியாறேன்."

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மாள் மதில் மேல் எட்டிப் பார்த்தார். "இன்னா சார் நீங்க, விவரம் தெரிஞ்சவரு. மாசமா இருக்கிற பொண்ண வெச்சிகினு யாராச்சும் செவுத்த இடிப்பாங்களா? ஒரு ஆணி அடிக்கக்கூடாதுன்னுவாங்க!"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மேஸ்திரிக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மகள் விடவில்லை. "அப்ப மேடை அப்படியே இருக்கட்டும். புதுத் தொட்டிய சமையல்கட்டுப் பக்கம் போடுங்க."

"அது அக்னி மூலைடி. அங்க தண்ணிய நிறுத்தலாமா?" என்றாள் மனைவி.

"சரி, சிட்லபாக்கத்துல அப்பாவோட வேலை செஞ்ச அங்கிள் பெரிய தொட்டி வெச்சிருக்காரே. அவர்கிட்ட குடுத்துடலாம்."

மனைவியின் முகம் மாறிவிட்டது. "அது வந்த நேரம்தான் உனக்கு எல்லாம் கூடிவந்துது. வயித்துல புள்ளைய வெச்சிக்கிட்டு அதைக் குடுன்னு சொல்றியே. வாயில நல்லதா வராதா?"

அதற்குப் பிறகு மகள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ராத்திரி ஹாலில் படுக்கும்போதெல்லாம் அவள் அம்மா, "புரண்டு படுக்காதே, எழுந்து உக்காந்து திரும்பிப் படு" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். கொடி சுற்றிக்கொள்ளும் என்று எங்களில் சொல்வார்கள். டாக்டரம்மாவும் இடது பக்கமே படுக்கச் சொல்லியிருந்தார். ஒருநாள் மகள் மூச்சு வாங்க எழுந்து உட்கார்ந்து, தொட்டியைக் காட்டிச் சிரித்தாள்.

"எங்க ரெண்டு பேருக்கும் இடப்பக்கம்தான். நானாவது எழுந்து உக்காந்து திரும்புறேன். அது எங்கேப்பா எழுந்து உக்காரும்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முருகா, தாயும் பிள்ளையும் வேறு வேறாகட்டும், மறுநாளே இடித்துவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். ஆனால் மறுநாளே இடிக்க முடியவில்லை. தீட்டு கழிய வேண்டும் என்றார்கள். கழிந்தது. பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் சிமெண்ட் தூசு ஆகாது என்றார்கள். அதுவும் நியாயம்தானே. செய்துவைத்த தொட்டியை எப்போது எடுத்துப்போவீர்கள் என்று கண்ணாடிக் கடையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஐந்தாம் மாதம் மகளையும் பேத்தியையும் மருமகன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த பிறகுதான் மேஸ்திரிக்குப் போன் போட்டேன். சொன்னபடி ஓடிவந்தார்.

ஹாலில் வேலை நடக்க இடம் வேண்டும் என்று முதலில் சோபாவைத் தூக்கி வெளியே வைத்தோம். சோபா இருந்த இடம் காலியானது. வடக்குச் சுவர். ஆறடிக்கு மேல் இருக்கும். நான் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மனைவியும் வந்து நின்றாள்.

"ஏங்க, வடக்குல தண்ணி வைக்கலாம்தானே?"

"வைக்கலாம்."

"அப்ப இங்கயே..."

டேப்பைப் பிடித்து அளந்தேன், இடம் சரியாக இருந்தது. அன்றைக்கே ஸ்டாண்டை இங்கே கொண்டுவந்து வைத்திருந்தால் போதும். ஒரு செங்கல்லை அசைத்திருக்க வேண்டாம். சாஸ்திரமும் கெட்டிருக்காது. மாசமாக இருக்கும் பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் உட்கார வேண்டும் என்று அந்த இடத்தில் சோபா போட்டிருந்தோம். இத்தனை மாதமும் அதில் உட்கார்ந்துதான் நானும் மீனைப் பார்த்து வருத்தப்பட்டேன்.

இடிக்க வேண்டாம் என்று மேஸ்திரியைத் திருப்பி அனுப்பினேன். தொட்டி வடக்குச் சுவரில்தான் வந்தது. தண்ணீர் நிரப்பி, சில நாள் ஓடவிட்டு, மீனை ஈரத்துணியில் ஏந்திக் கொண்டுவந்து விட்டேன். மனைவி கற்பூரம் ஏற்றிக் காட்டினாள். மீன் சற்று நேரம் அடியில் அசையாமல் இருந்தது. பிறகு கிளம்பியது. இத்தனை பெரிய தண்ணீரில் அது நேராகப் போகும் என்று நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அது வளைந்தே போனது. வாலுக்கு முன்னால் முதுகெலும்பு இடது பக்கமாக ஒடிந்த மாதிரி வளைந்தே நிலைத்துவிட்டிருந்தது. நேராகப் போக முடியாமல், ஆறடிக்குள்ளும் இடப்பக்கமாகவே பெரிய வட்டம் போட்டது. இனி சரியாகாது என்று மீன் கடையில் சொல்லிவிட்டார்கள்.

"நமக்கு வர இருந்ததை அது வாங்கிக்கிச்சு சார், கவலைப்படாதீங்க" என்று பக்கத்து வீட்டு அம்மாள் ஆறுதல் சொன்னார். மனைவி தலையாட்டினாள். நானும் தலையாட்டினேன். ஆனால் விளக்கேற்றும்போது அந்த வார்த்தையை முருகனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேத்தி நன்றாக இருக்கிறாள். அது அவன் கொடுத்தது. மீனின் முதுகை அவன் கணக்கில் எழுத முடியுமா?

மீன் இன்னும் இருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறது. செவ்வாய், வெள்ளியிலும் இப்போது இறால்தான். மனைவியே எடுத்துப் போடுகிறாள்.

பேத்திக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தால் தொட்டியை விட்டு நகர மாட்டாள். போன வாரம் வந்திருந்தபோது மடியில் உட்கார வைத்துக்கொண்டு விளையாட்டாகக் கேட்டேன்.

"யானை எப்படிப் போகும்?"

கையைத் தும்பிக்கை போல ஆட்டினாள்.

"மீன் எப்படிப் போகும்?"

உள்ளங்கையை நிறுத்தி, மணிக்கட்டில் இடது பக்கமாக மடக்கி, கோணலாகவே காற்றில் வட்டம் சுற்றிக் காட்டினாள். அவள் பார்த்த மீன் அது ஒன்றுதான். நான் அந்தச் சின்னக் கையைப் பிடித்து மெதுவாக நேராக்கினேன். "இப்படிம்மா, இப்படிப் போகும்" என்றேன். தொட்டியை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு கையை உருவிக்கொண்டு, மறுபடியும் மடக்கிக்கொண்டாள்.